ஷூவைக் கழற்றச் சொல்லுங்க

ஓசூரில் ஒருத்தருக்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால், வீட்டில் முதல் பேச்சு "பெங்களூரா, கிருஷ்ணகிரியா?" என்றுதான் ஆரம்பிக்கும். அந்தப் பக்கம் 40 கிலோமீட்டர், இந்தப் பக்கம் 50 கிலோமீட்டர். தலையில் அடி என்றால் நிம்ஹான்ஸ். நெஞ்சுவலி என்றால் பொம்மசந்திரா நாராயணா. கையில் காசில்லை என்றால் ஓசூர் ஜி.எச்., அங்கே எழுதிக் கொடுத்தால் 2022இல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி. டீக்கடையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் இதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். இரண்டு மாநிலத்து ஆஸ்பத்திரிகளுக்கும் நடுவில் குடியிருக்கிறவர்களுக்கு இது தானாக வந்துவிடும்.

காலில் ஒரு கொப்புளம் என்றால் எங்கே போவது? இதற்கு மட்டும் யாரிடமும் பதில் கிடையாது. "கொஞ்சம் மஞ்சள் வச்சுக் கட்டு, ஆறிடும்." அவ்வளவுதான்.

இந்தப் பதிவு அந்தக் கொப்புளத்தைப் பற்றியது. அதற்கு முன்னால் ஆம்புலன்ஸ் கதையைக் கொஞ்சம் பேசிவிடுகிறேன். அந்த விஷயத்தில் நாம் எவ்வளவு தேறியிருக்கிறோம் என்று பார்த்தால்தான், கால் விஷயத்தில் எங்கே நிற்கிறோம் என்பது உறைக்கும்.

தமிழ்நாட்டில் 108 ஓட ஆரம்பித்தது 2008 செப்டம்பரில். அதே வருஷம் நவம்பரில் கர்நாடகத்திலும் 'ஆரோக்ய கவச' என்ற பெயரில் 108 வந்துவிட்டது. நம்பர் ஒன்று, கட்டுப்பாட்டு அறை வேறு வேறு. எல்லையில் இருக்கிற ஜூஜூவாடி பக்கம் நின்று போன் பேசிப் பழகியவர்களுக்குத் தெரியும், எந்த நேரத்தில் எந்த மாநிலத்து டவரைப் பிடிக்கும் என்று சொல்லவே முடியாது. எதிர்முனையில் கன்னடம் கேட்டால் பதறிப்போய் வைத்துவிட வேண்டாம். எடுத்த எடுப்பில் "தமிழ்நாடு, கிருஷ்ணகிரி மாவட்டம், ஓசூர்" என்று சொல்லிவிடுங்கள். மாவட்டம், தாலுகா, ஊர், அடையாளம் என்று வரிசையாகச் சொன்னால் அவர்களுக்கு வேலை சுலபம். "சிப்காட்டுக்குள்ள" என்பதெல்லாம் ஒரு விலாசமே இல்லை. எந்த ஃபேஸ், கம்பெனி பெயர் என்ன, எந்த கேட் என்று சொல்ல வேண்டும். ஒரு ஆளை மெயின் ரோட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நைட் ஷிஃப்ட் என்றால் செக்யூரிட்டியிடம் கேட்டைத் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும். வண்டி வந்த பிறகு கேட் சாவியைத் தேடி ஓடுகிற கூத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் சில நம்பர்களையும் போனில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் முடிந்த தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவந்து விடுவதற்கு 102. உடம்புக்கு என்ன செய்வது, எங்கே போவது என்று யோசனை கேட்க 104. அரசு ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டால் ஊருக்குக் கொண்டுபோக இலவச அமரர் ஊர்தி, 155377. கடைசி நம்பரை எழுதக் கை கூசத்தான் செய்கிறது. ஆனால் தெரியாமல்போய் தனியார் வண்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்த குடும்பங்கள் இங்கே ஏராளம்.

அடுத்தது ரோடு. சூளகிரி, குருபரப்பள்ளி வழியாக ஓடுகிற என்.எச். 44 எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், எங்களைப் போன்ற எல்லையோர ஊருக்கென்றே எழுதினது மாதிரி இருக்கும். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபட்டால், திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். தனியார் ஆஸ்பத்திரிக்கும் இது பொருந்தும். அடிபட்டவர் தமிழ்நாட்டுக்காரரா, பெங்களூர்க்காரரா, ஒடிசாவிலிருந்து வந்து சிப்காட்டில் வேலை பார்க்கிற பையனா என்று கேட்கக் கூடாது. ரேஷன் கார்டு, வருமானச் சான்று எதுவும் தேவையில்லை. தூக்கிக்கொண்டு போகிறவருக்கும் பயம் வேண்டாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவி செய்தவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்கிறது.

தளி, அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கத்து மலை ஊர்களுக்கு 2023இல் வந்த 'இதயம் காப்போம்' இன்னும் முக்கியம். மாரடைப்பு அறிகுறி தெரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் வேளைக்குக் கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வளைந்து வளைந்து இறங்குகிற அந்த ரோட்டில் ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

குறைகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் சட்டென்று நடக்கிற ஆபத்துக்கு ஏதோ ஒரு வழி இருக்கிறது. சத்தம் கேட்கும், ரத்தம் தெரியும், யாராவது ஒருத்தர் போனை எடுப்பார். சுகர்க்காரர் காலில் நடக்கிற சமாச்சாரம் வேறு. அதில் சத்தமும் கிடையாது, வலியும் கிடையாது.

என் சித்தப்பா கதையைச் சொல்கிறேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். சுகர் ரொம்ப வருஷமாக உண்டு. மாத்திரை போடுவார், கல்யாண வீட்டில் ஜாங்கிரியும் சாப்பிடுவார். ஒரு நாள் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து சாக்ஸைக் கழற்றிப் போட்டிருக்கிறார். துவைக்க எடுத்த சித்திதான் பார்த்தார். சாக்ஸின் முன்பக்கம் பழுப்பு நிறத்தில் காய்ந்து, அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. ஷூவைக் கவிழ்த்துத் தட்டினால், லேத்தில் விழுகிற இரும்புச் சுருளில் ஒரு துண்டு. எட்டு மணி நேரம் அதை மிதித்துக்கொண்டே நின்று வேலை பார்த்திருக்கிறார்.

"வலிக்கலையா?" என்று கேட்டேன்.

"இல்லடா. அதான் எனக்கே ஆச்சரியமா இருக்கு."

வலிக்கவில்லை என்பதால் பெரிசாக ஒன்றும் இல்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மஞ்சள், அப்புறம் காபித்தூள், அப்புறம் மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஆயின்மென்ட். அதே ஷூவை மாட்டிக்கொண்டு வேலைக்கும் போனார். பிறகு எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். பெயர் வேண்டாம். போகும்போதெல்லாம் டிரெஸ்ஸிங் மாற்றினார்கள், பில் போட்டார்கள். அந்தக் காலை எந்த ஷூவுக்குள் திணித்து அனுப்புகிறோம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கடைசியில் பெருவிரலுக்குப் பக்கத்து விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் ஓர் அரசு ஆஸ்பத்திரியின் சுகர், பிரஷர் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த நர்ஸ் அம்மா முதல் வேலையாக இரண்டு காலையும் வெறுங்காலாக நீட்டச் சொன்னார். விரல் இடுக்கெல்லாம் பிரித்துப் பார்த்தார். பிறகு பேனா மாதிரி ஒரு கைப்பிடியை எடுத்தார். அதன் நுனியில் மெல்லிய நைலான் நரம்பு ஒன்று.

"கண்ணை மூடிக்கங்க ஐயா. நான் தொட்டா 'ஆமா'னு சொல்லணும், சரியா?"

பெருவிரலின் அடியில் வைத்து அழுத்தினார். நரம்பு வில்லாக வளைந்தது. சித்தப்பா பேசவில்லை. சுண்டு விரலுக்குக் கீழே, பாதத்தின் நடுவில், குதிகால் பக்கம் என்று ஒவ்வொரு இடமாக வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். மனுஷன் அசையவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை மூடியபடியே கேட்டார்:

"எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

எனக்கு அடிவயிறு கலங்கிப்போனது. நர்ஸ் அம்மா நிதானமாகச் சொன்னார்: "முடிச்சுட்டேன் ஐயா."

அந்த நரம்புக்கு மோனோஃபிலமென்ட் என்று பெயர். சரியாக 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்திருப்பார்கள். அந்தத் தொடுதல்கூடத் தெரியவில்லை என்றால், பாதத்துக்கு இருக்கிற காவல் போய்விட்டது என்று அர்த்தம். சுகர் வருஷக்கணக்கில் கட்டுப்பாட்டில் இல்லாமல் இருந்தால், உடம்பிலேயே நீளமான நரம்புகள் முதலில் அடிபடும். அந்த நீளமான நரம்புகள் போய் முடிகிற இடம் பாதம். உணர்ச்சி குறையும். வியர்வை சுரப்பது நின்று தோல் காய்ந்து வெடிக்கும். ரத்தக்குழாய் சுருங்குவதால், வந்த புண் ஆறாது. ஆறாத புண்ணுக்குள் கிருமி போகும். பலருக்கு இது எலும்பைத் தொட்ட பிறகுதான் தெரிய வருகிறது.

'வலி இல்லாத கால்தான் ஆபத்தான கால்' என்கிற பாடத்தில் நம்ம பக்கத்து ஆட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பால் பிராண்ட் என்கிற டாக்டர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். மிஷனரி குடும்பம். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் தேய்ந்து போகின்றன என்பதுதான் அவரைப் பிடித்தாட்டிய கேள்வி. நோய் விரலைத் தின்றுவிடுகிறது என்று ஊரே நம்பிய காலம் அது. அப்படி இல்லை என்று அவர் காட்டினார். உணர்ச்சி இல்லாததால் சூட்டிலும் ஆணியிலும் கல்லிலும் படுகிற காயம் தெரியாமல், திரும்பத் திரும்ப அதே இடத்தில் அடிபட்டுத்தான் விரல் போகிறது. அதற்காக அவர் கிட்டத்தட்ட செருப்புத் தொழிலாளியாகவே மாறிப்போனார். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் எம்.சி.ஆர். செருப்பு என்று எழுதித் தருகிறார்களே, மெத்தென்ற கறுப்பு ரப்பர் அட்டை வைத்தது, அது பரவியதில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1966இல் அவர் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கேதான் சுகர்க்காரர்களின் பாதத்திலும் இதே கதை நடக்கிறது என்று எடுத்துச் சொல்லி, வேலூர்ப் பாடத்தை அவர்களுக்கும் பொருத்தினார். வலியை ஒரு வரம் என்றே பேசிவந்த மனிதர். சித்தப்பாவின் சாக்ஸைப் பார்த்த பிறகு எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சுகர் உள்ளவர்கள் 10.1 கோடி. அதில் எத்தனை பேர் காலை ஷூவுக்குள் பூட்டிக்கொண்டு ஷிஃப்ட்டில் நிற்கிறார்கள் என்று ஓசூரில் இருந்து யோசித்தால் தூக்கம் வராது.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' தமிழ்நாட்டில் தொடங்கிய இடமே நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமம்தான், 2021 ஆகஸ்ட் 5. முதலமைச்சர் ஸ்டாலின் அங்கே வந்து தொடங்கி வைத்தார். சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். நடக்க முடியாதவர்களுக்கு பிசியோதெரபி, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு அதற்கான பை என்று சேர்த்துக் கொடுக்கிறார்கள். 2024இல் ஐ.நா. அமைப்பின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. காலுக்கென்றே தஞ்சாவூரில் முதலில் செய்து பார்த்து, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுவந்த 'பாதம் பாதுகாப்போம்' திட்டமும் இருக்கிறது. சுகர் மாத்திரை வாங்கப் போகிற இடத்திலேயே காலையும் பார்த்து, சிக்கல் தெரிந்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதுதான் அதன் அடிப்படை.

எங்கே இடிக்கிறது என்றால், நேரத்தில். எங்கள் தெருவுக்கு மாத்திரை கொண்டுவருகிற அக்கா தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சரளமாக விசாரிப்பார். யார் வீட்டில் யாருக்கு என்ன மாத்திரை என்பது அவருக்கு அத்துப்படி. அவரே ஒரு நாள் அலுத்துக்கொண்டார்: "மாத்திரையை வீட்டம்மாகிட்டதான் கொடுத்துட்டு வர்றேன் தம்பி. ஆளைப் பார்த்தே மாசக்கணக்காச்சு. ஒண்ணு ஷிஃப்ட்டுல இருக்காங்க, இல்ல நைட் முடிச்சுட்டுத் தூங்குறாங்க. தூங்குற ஆளை எழுப்பிக் காலைக் காட்டுன்னு சொல்ல முடியுமா?"

விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஜிகணிக்கும் பொம்மசந்திராவுக்கும் போகிறவர்களின் கதையும் இதேதான். குடியிருப்பு தமிழ்நாட்டில், பகல் முழுக்கக் கர்நாடகத்தில். வீட்டுப் படியேறி வருகிற சேவை அவர்களுக்கு எட்டுவதில்லை.

அதனால்தான் 2024 ஜனவரியில் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' எனக்குச் சரியான திசை என்று படுகிறது. வேலை பார்க்கிற இடத்துக்கே போய் சுகரும் பிரஷரும் பார்க்கிற ஏற்பாடு அது. ஆனால் பணியிடத்தில் நடக்கிற எந்தப் பரிசோதனையும் பெரும்பாலும் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. எங்கள் கம்பெனி வருடாந்திர மெடிக்கல் செக்கப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கண் பார்ப்பார்கள், காது பார்ப்பார்கள், விரலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள், கையில் பட்டை கட்டி பிரஷர் பார்ப்பார்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்தால் ஆயிற்று, அடுத்த ஆள். சேஃப்டி ஷூ கடைசிவரை காலிலேயே இருக்கும். கழற்றி மாட்டினால் வரிசை நீண்டுவிடும், நாற்றம் வேறு என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் எட்டு மணி நேரம் கனமான ஷூவுக்குள் வேகிற பாதத்தை யாராவது ஒருத்தர் பார்த்தாக வேண்டுமே.

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 500 பேருக்கு மேல் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் ரூம் வேண்டும் என்று எழுதி வைத்தது. அதன்படி சிப்காட்டில் பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் கட்டில், மருந்து, நர்ஸ் என்று ஓர் அறை இருக்கிறது. அந்த அறையில் ஒரு மோனோஃபிலமென்ட் இருந்தால் என்ன? அதற்கு கரன்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஓர் ஆளுக்குச் சில நிமிஷம் போதும். எல்லாருக்கும் வேண்டாம், சுகர் இருக்கிறவர்களுக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை.

புண் வந்துவிட்டால் முதல் மருந்து ஓய்வு. அந்தக் காலை ஊன்றவே கூடாது. ஊன்றிக்கொண்டே எந்த மருந்து போட்டாலும் வேலைக்கு ஆகாது. "லீவு போட்டா சம்பளம் யாரு கொடுப்பா?" என்று கேட்பீர்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால், சந்தா கட்டிய நாள் கணக்கு சரியாக இருக்கும் பட்சத்தில், இ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழோடு வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் இது உண்டு. ஓசூரிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. மாசாமாசம் பிடிக்கிற காசு எதற்கென்றே தெரியாமல் நொண்டிக்கொண்டே வேலைக்கு வருகிறவர்கள் நிறைய பேர்.

வீட்டில் செய்ய வேண்டியதை அந்த நர்ஸ் அம்மா சொன்ன மாதிரியே, எங்கள் ஊருக்குத் தகுந்தபடி எழுதுகிறேன்:

- தினம் ராத்திரி பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருத்தரைப் பார்க்கச் சொல்லுங்கள்.
- ஷூவை மாட்டுவதற்கு முன்னால் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். லேத், கிரைண்டிங், கிரானைட் வேலைக்காரர்கள் கட்டாயம்.
- மார்கழிக் குளிரில் நெருப்பு மூட்டிக் காலை நீட்டிக் குளிர் காய்வது நம்ம ஊர் வழக்கம். சுகர்க்காரர்களுக்கு அது வேண்டாம். சூடு தெரியாது, கொப்பளித்த பிறகுதான் தெரியும். வெந்நீரையும் முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டே காலில் ஊற்றுங்கள்.
- லாரி ஓட்டுகிறவர்கள் வெறுங்காலோடு ஓட்டாதீர்கள். இன்ஜின் சூட்டில் கேபின் தரை கொதிக்கும்.
- சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலுக்கு உச்சி வெயிலில் வெறுங்காலோடு போகாதீர்கள். காலையிலோ சாயங்காலமோ போனாலும் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.
- காலைக் கழுவி விரல் இடுக்கைத் துடைத்துக் காய வையுங்கள். வெடிப்புக்கு எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது. நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியை பிளேடால் சீவவே கூடாது.
- செருப்போ ஷூவோ சாயங்காலம் வாங்குங்கள். அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அளவு சரியாகக் கிடைக்கும்.

கால் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நாற்றம், கறுப்பு நிறம், காய்ச்சல், குளிர் நடுக்கம் என்றால் பஸ்ஸுக்கு நிற்காதீர்கள், 108க்குப் போன் போடுங்கள். கிருமி ரத்தத்தில் ஏறினால் அதுவும் உயிர் போகிற அவசரம்தான்.

சித்தப்பா இப்போது ஸ்டோர்ஸுக்கு மாறிவிட்டார். எம்.சி.ஆர். செருப்பை வீட்டுக்குள்ளும் கழற்றுவதில்லை. ஜாங்கிரி விஷயத்தில் மட்டும் இன்னும் அவரை நம்ப முடியாது.

ஹெச்.ஆரில் இருக்கிறவர்கள், சேஃப்டி கமிட்டியில் இருக்கிறவர்கள், யூனியன் நிர்வாகிகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த மீட்டிங் மினிட்ஸில் ஒரே ஒரு வரியை ஏற்றிவிடுங்கள்: 'வருடாந்திர மெடிக்கல் செக்கப்பில் சுகர் உள்ளவர்களின் ஷூ, சாக்ஸைக் கழற்றிப் பாதத்தைப் பரிசோதிக்க வேண்டும்.' செலவு என்று யாராவது இழுத்தால், ஒரு விரலை எடுக்க என்ன செலவாகும், அந்த ஆபரேட்டர் இல்லாமல் அந்த மிஷின் எத்தனை நாள் நிற்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கம்பெனிக்காரர்களுக்கு அந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகவே புரியும்.